கடலடியிலிருந்து மேலே வரும் கணக்கு

ஸ்கூபா கருவியை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவருக்கு எப்போது ஆபத்து அதிகம் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சுறா, இருட்டு, காற்று தீர்ந்துபோவது என்று பதில்கள் வரும். “மேலே வரும்போது” என்று சொல்லும் மாணவர் அரிது. ஆனால் முக்குளிப்பைப் பாதுகாப்பாகக் கற்றுத் தரும் எந்தப் பயிற்சியாளரும் அதிக நேரம் செலவிடுவது இந்தப் பதிலில்தான். 30 மீட்டர் ஆழத்தில் நலமாக வேலை செய்த ஒருவர், அவசரமாக மேலே வந்ததால் கால் செயலிழந்து கரைக்குத் தூக்கி வரப்படலாம்.

இதைத் தடுக்கும் வழி எளிமையானது. நேராக மேலே வராமல், வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் குறிப்பிட்ட நிமிடங்கள் நின்று நின்று வர வேண்டும். இவற்றை ‘டிகம்ப்ரஷன் நிறுத்தங்கள்’ என்பர். அழுத்தத்தைப் படிப்படியாகத் தணிக்கும் நிறுத்தங்கள் என்று பொருள். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, அதற்குக் காற்று போதுமா என்பனவெல்லாம் தண்ணீரில் இறங்கும் முன்பே தாளில் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும்.

நாம் கற்பிக்கும் பாயில் விதி, கரைசல்கள் பாடத்தில் வரும் வாயுக்களின் கரைதிறன், அரை ஆயுட்காலம், விகிதம் எல்லாம் ஒரே இடத்தில் சந்திக்கும் கணக்கு இது. இதை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம்.

அழுத்தமும் கரையும் வாயுவும்

நீர்மட்டத்தில் நம்மீது 1 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறக்குறைய இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. ஸ்கூபா கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. அப்படித் தராவிட்டால் மார்பை விரித்து மூச்சிழுக்கவே முடியாது.

காற்றில் ஏறத்தாழ 79 விழுக்காடு நைட்ரஜன். நீர்மட்டத்தில் அதன் பகுதி அழுத்தம் 0.79. 30 மீட்டரில் அது 4 × 0.79 = 3.16 ஆகிறது. மாறாத வெப்பநிலையில், ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று 1803-இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்தார். நம் இரத்தத்துக்கும் திசுக்களுக்கும் இது பொருந்தும். ஆக்சிஜனை உடல் பயன்படுத்திக்கொள்கிறது. நைட்ரஜனை உடல் பயன்படுத்துவதில்லை. அது திசுக்களில் கரைந்து சேர்ந்துகொண்டே போகும்.

கீழே இருக்கும்வரை இதனால் குமிழ் எதுவும் உண்டாவதில்லை. மேலே வரும்போது சுற்றழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த நைட்ரஜன் மெதுவாக இரத்தத்துக்கு வந்து, நுரையீரல் வழியாக வெளியேற நேரம் கிடைத்தால் சிக்கல் இல்லை. நேரம் கிடைக்காவிட்டால் அது இருக்கும் இடத்திலேயே குமிழாகிவிடும். மூடியைச் சட்டென்று திறந்த சோடா பாட்டிலில் நடப்பதும் இதுதான். குமிழ் மூட்டருகே உண்டானால் கடும் வலி. முதுகுத் தண்டுவடத்தில் உண்டானால் கை கால் மரத்துப்போதல், செயலிழப்பு, சிறுநீர் கழிக்க முடியாமை.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு ஆபத்தும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடியே மேலே வந்தால், பாயில் விதிப்படி அந்தக் காற்று இரண்டு மடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழிந்துவிடும். எனவேதான் ஸ்கூபா பயிற்சியின் முதல் விதி, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. இது காற்றின் கன அளவு பற்றியது. நிறுத்தங்கள் கரைந்த வாயு பற்றியவை.

பாலங்கள் கற்றுத் தந்த பாடம்

இந்த நோய் முதலில் பெருமளவில் தென்பட்டது கடலில் அல்ல. 1841-இல் பிரான்சில் திரிஜே என்ற சுரங்கப் பொறியாளர், ஆற்றுப்படுகையில் வேலை செய்ய, அழுத்தப்பட்ட காற்று நிரப்பிய அறையைப் பயன்படுத்தினார். உள்ளே தண்ணீர் புகாது. தொழிலாளர்கள் நின்று மண் தோண்டலாம். ‘கேசன்’ எனப்படும் இந்த அறைகளே பின்னர் பெரிய பாலங்களின் அடித்தளம் அமைக்கப் பயன்பட்டன. வேலை முடித்து வெளியே வந்த சிலருக்கு மூட்டுவலி வந்ததைத் திரிஜேயே பதிவு செய்திருக்கிறார். உள்ளே இருக்கும்போது அல்ல, வெளியேறும்போதுதான் தொல்லை வருகிறது என்பதையும், மீண்டும் அழுத்தத்துக்குள் சென்றால் வலி தணிகிறது என்பதையும் 1854-இல் பால், வாத்தெல் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினர்.

ஆனாலும் பாடம் பரவவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே 1874-இல் திறக்கப்பட்ட ஈட்ஸ் பாலத்தின் கேசன்களில் வேலை செய்தவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் இந்த நோயால் இறந்தனர். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இதனால் முடங்கினார். அவருடைய மனைவி எமிலி ரோப்ளிங் கணவரின் அறிவுரைகளைப் பணியிடத்துக்குக் கொண்டு சென்று, பொறியியலைத் தாமே கற்று, 1883-இல் பாலம் திறக்கப்படும்வரை பணியை நடத்த உதவினார்.

காரணத்தை உறுதியாகச் சொன்னவர் பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர். 1878-இல் வெளியான தம் நூலில், குமிழாவது நைட்ரஜனே என்று சோதனைகள் வழியாகக் காட்டினார். தீர்வாக, சீராகவும் மெதுவாகவும் மேலே வரச் சொன்னார். எவ்வளவு மெதுவாக என்பதற்குத்தான் விடை இல்லை.

ஹால்டேனும் வெள்ளாடுகளும்

பிரிட்டிஷ் கடற்படையின் கேள்வியும் அதுவே. உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன், பாய்காட், கடற்படை அதிகாரி டேமண்ட் ஆகியோர் இதை ஆய்ந்தனர். லண்டனில் ஓர் உருக்கு அறைக்குள் வெள்ளாடுகளை வைத்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தனர். வலி வந்த ஆடு முன்காலை மடக்கித் தூக்கிக்கொள்ளும். பேச முடியாத உயிரிடமும் அறிகுறியைக் கண்ணால் காண முடிந்தது. முடிவுகள் 1908-இல் வெளியாயின.

அவர்கள் கண்டவற்றில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, விகிதம். 2 வளிமண்டலத்திலிருந்து 1-க்கு விரைவாக வந்தால் நோய் வருவதில்லை. அப்படியானால் 4-இலிருந்து 2-க்கும், 6-இலிருந்து 3-க்கும் வரலாம் என்று அவர்கள் கருதினர்; ஆடுகளில் அது சரியாக வந்தது. மீட்டர் கணக்கைவிட அழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறது என்பதே முக்கியம். 30 மீட்டரிலிருந்து 20-க்கு வரும்போது அழுத்தம் 4-இலிருந்து 3 ஆகிறது. 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது 2-இலிருந்து 1 ஆகிறது, அதாவது பாதியாகிறது. இரண்டும் அதே 10 மீட்டர்தான். கடைசிப் பத்து மீட்டரே கடினமானது.

இரண்டாவது, உடலின் எல்லாத் திசுக்களும் ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. இரத்த ஓட்டம் மிகுந்த பகுதி விரைவில் நிரம்பி விரைவில் காலியாகும். இரத்த ஓட்டம் குறைந்த பகுதிக்கு இரண்டுமே மெதுவாக நடக்கும். ஹால்டேன் உடலை ஐந்து கற்பனைத் திசுக்களாகப் பிரித்து, அவற்றுக்கு 5, 10, 20, 40, 75 நிமிடம் என்று ‘அரை நேரம்’ கொடுத்தார். கதிரியக்கத்தில் நாம் கற்பிக்கும் அரை ஆயுட்காலம் போன்றதே இது. ஓர் அரை நேரத்தில் இடைவெளியில் பாதி நிரம்பும். அடுத்த அரை நேரத்தில் மீதியில் பாதி.

மூன்றாவது, சீராக மெதுவாக ஏறுவது சரியான வழி அல்ல. ஆழத்தில் மெதுவாக நகரும்போது மெதுத் திசுக்கள் இன்னும் நைட்ரஜனை ஏற்றிக்கொண்டே இருக்கும். எனவே பாதுகாப்பான எல்லைவரை முதலில் வந்துவிட்டு, பிறகு 10 அடி, அதாவது சுமார் 3 மீட்டர் இடைவெளியில் நின்று நின்று வர வேண்டும். மேலே வர வர நிற்கும் நேரம் கூட வேண்டும்.

1906-இல் ஸ்காட்லாந்துக் கடலில் டேமண்டும் கேட்டோவும் இந்த முறையில் 210 அடி, அதாவது சுமார் 64 மீட்டர் ஆழம்வரை சென்று நலமாகத் திரும்பினர். அந்தச் சோதனைகளின்போது ஹால்டேனின் 13 வயது மகனும் முக்குளிப்பு உடை அணிந்து இறங்கினான். உயிரின் தோற்றம் பற்றிய பாடத்தில் ஓபாரினுடன் சேர்த்து நாம் சொல்லும் ஜே.பி.எஸ். ஹால்டேன் அவர்தான். 1957-இல் இந்தியாவுக்கு வந்து குடியேறிய அவர், 1964-இல் புவனேஸ்வரில் காலமானார்.

இந்த முறைக்குப் பெரிய தேர்வு சில ஆண்டுகளில் வந்தது. 1917-இல் ‘லாரன்டிக்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் 3,211 தங்கக் கட்டிகளுடன் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. ஆழம் சுமார் 40 மீட்டர். மீட்புப் பணிக்குத் தலைமை ஏற்றவர் அதே டேமண்ட். 1924 வரை நடந்த பணியில் 3,186 கட்டிகள் எடுக்கப்பட்டன. குளிரும் அலையும் மிகுந்த அந்த இடத்தில் முக்குளிப்பவர் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை.

கரும்பலகையில் ஒரு திட்டம்

இனி மாணவர்களோடு ஒரு திட்டம் போடலாம். 30 மீட்டர் ஆழம், அங்கே 20 நிமிடம். ஹால்டேனின் விதியை மட்டும் பயன்படுத்துவோம். இது பாடக் கணக்கு. கடலில் பயன்படுத்துவதற்கான அட்டவணை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எளிமைக்காக, இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் விட்டுவிடுவோம்.

தொடக்கத்தில் எல்லாத் திசுக்களிலும் நைட்ரஜன் 0.79. கீழே சுவாசிப்பது 3.16. இடைவெளி 2.37. 20 நிமிடத்துக்குப் பிறகு:

5 நிமிடத் திசு: நான்கு அரை நேரம், 15/16 பங்கு நிரம்பும். அளவு 3.01
10 நிமிடத் திசு: இரண்டு அரை நேரம், 3/4 பங்கு. அளவு 2.57
20 நிமிடத் திசு: ஓர் அரை நேரம், 1/2 பங்கு. அளவு 1.98
40 நிமிடத் திசு: அரை நேரத்தில் பாதி, 0.29 பங்கு. அளவு 1.48
75 நிமிடத் திசு: 0.17 பங்கு. அளவு 1.19

இரண்டுக்கு ஒன்று என்ற விதிப்படி, திசுவில் இருக்கலாகும் நைட்ரஜன், சுற்றழுத்தத்தின் 1.58 மடங்குவரை (0.79 × 2). நீர்மட்டத்தில் எல்லை 1.58. முதல் மூன்று திசுக்களும் அதைத் தாண்டிவிட்டன. எனவே நேராக மேலே வரக் கூடாது.

முதல் நிறுத்தம் எங்கே? மிக நிரம்பிய திசுவை எடுங்கள். 3.01 ÷ 1.58 = 1.9 வளிமண்டலம், அதாவது 9 மீட்டர். அங்கே சுவாசிக்கும் நைட்ரஜன் 1.9 × 0.79 = 1.50. அங்கே 5 நிமிடம் நின்றால் 5 நிமிடத் திசு 2.26 ஆகக் குறையும். 10 நிமிடத் திசுவும் 2.26-க்கு வந்து நிற்கும். 20 நிமிடத் திசு 1.90.

அடுத்து 2.26 ÷ 1.58 = 1.43, அதாவது 4.3 மீட்டர். அதற்கு மேலே போகக் கூடாது என்பதால், 3 மீட்டர் படியில் அடுத்த நிறுத்தம் 6 மீட்டர். அங்கே 5 நிமிடம். இப்போது மூன்று திசுக்களும் முறையே 1.76, 1.97, 1.80. வேகமான திசுவைப் பின்னுக்குத் தள்ளி, 10 நிமிடத் திசு முன்னே வந்துவிட்டது என்பதை மாணவர்கள் கவனிக்கட்டும்.

கடைசியாக 3 மீட்டர். இங்கே எத்தனை நிமிடம் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். 5 நிமிடம் போதாது. 10 நிமிடம் நின்றால் 1.21, 1.50, 1.57. மூன்றும் 1.58-க்குள் வந்துவிட்டன. இப்போது எல்லையில் நிற்பது 20 நிமிடத் திசு.

திட்டம்: 9 மீட்டரில் 5, 6 மீட்டரில் 5, 3 மீட்டரில் 10 நிமிடம். கீழே இருந்தது 20 நிமிடம். வழியில் நிற்பதும் 20 நிமிடம்.

காற்று போதுமா?

நிறுத்தங்களைக் கணக்கிட்டதும் திட்டம் முடிந்துவிட்டதாக மாணவர்கள் நினைப்பார்கள். இங்கேதான் கேளுங்கள்: இவ்வளவு நேரத்துக்கும் சிலிண்டரில் காற்று இருக்கிறதா?

நீர்மட்டத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொள்வோம். ஆழத்தில் இது அழுத்தத்தால் பெருகும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று இருந்தால், மொத்தம் ஏறக்குறைய 2,400 லிட்டர்.

30 மீட்டரில் 20 நிமிடம்: 20 × 4 × 20 = 1,600 லிட்டர்
9 மீட்டரில் 5 நிமிடம்: 20 × 1.9 × 5 = 190 லிட்டர்
6 மீட்டரில் 5 நிமிடம்: 20 × 1.6 × 5 = 160 லிட்டர்
3 மீட்டரில் 10 நிமிடம்: 20 × 1.3 × 10 = 260 லிட்டர்

கூட்டினால் 2,210 லிட்டர். மீதி 190. இறங்கவும் ஏறவும் ஆகும் காற்றை நாம் சேர்க்கவே இல்லை. உடன் வருபவரின் கருவி பழுதானால் அவருக்குப் பகிர்ந்து தர எதுவும் மிஞ்சாது. பதற்றத்தில் மூச்சு இரண்டு மடங்கானால், நிறுத்தத்தில் நிற்க முடியாமல் மேலே வர நேரும். எனவே ஒரே சிலிண்டரோடு இந்தத் திட்டத்தில் இறங்கக் கூடாது.

இந்த விடையைக் கரும்பலகையில் பார்ப்பதற்கும் 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தமானியில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் திட்டமிடலின் பயன். தாளில் தோற்ற திட்டத்தைத் திருத்தலாம். கீழே இருக்கும் நேரத்தை 10 நிமிடமாகக் குறைத்தால் நிறுத்தங்களும் காற்றும் எப்படி மாறும் என்பதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

நம்பிக்கை சோதிக்கப்பட்டபோது

ஹால்டேனின் எண்கள் அப்படியே நிலைக்கவில்லை. வேகமான திசுக்கள் 2-க்கு 1-ஐவிட அதிகத்தைத் தாங்கும் என்றும், மெதுத் திசுக்கள் அந்த அளவைக்கூடத் தாங்காது என்றும் பிற்கால அனுபவம் காட்டியது. அமெரிக்கக் கடற்படையின் வொர்க்மன் 1965-இல் ஒவ்வொரு திசுவுக்கும் ஒவ்வொரு ஆழத்துக்கும் தனி எல்லை வகுத்தார். சுவிட்சர்லாந்தின் பியூல்மன் 16 திசுக்கள் கொண்ட கணக்கை உருவாக்கினார். இன்று முக்குளிப்பவர்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கணினிகள் பலவற்றில் ஓடுவது அவருடைய கணக்கின் வடிவங்களே.

1990-களில் ஒரு புதிய எண்ணம் பரவியது. ஹவாயைச் சேர்ந்த மீனியல் ஆய்வாளர் ரிச்சர்ட் பைல் ஆழத்தில் மீன் பிடித்து வருவார். மேலே வரும்போது மீனின் காற்றுப்பை உப்பிவிடாமல் இருக்க, வழியில் ஆழத்திலேயே நின்று ஊசியால் காற்றை நீக்குவார். அப்படி நின்ற நாட்களில் தமக்குச் சோர்வு குறைவாக இருப்பதைக் கவனித்தார். வழக்கமான முதல் நிறுத்தத்துக்கும் கீழே, ஆழத்தில் நிற்பது நல்லது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. குமிழ்கள் சிறியனவாக இருக்கும்போதே அடக்கிவிடலாம் என்ற விளக்கமும் பொருத்தமாகத் தோன்றியது. பலர் பின்பற்றினர்.

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக் குழு இதைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டது. 170 அடி, அதாவது சுமார் 52 மீட்டர் ஆழத்துக்கு நிகரான அழுத்தத்தில் 30 நிமிடம். மேலே வர 174 நிமிடம். மொத்த நேரம் இரு பிரிவுக்கும் ஒன்றே. நிறுத்தங்கள் எந்த ஆழத்தில் என்பது மட்டுமே வேறு. மேலோட்டமான நிறுத்தங்களோடு 192 முறை இறங்கியதில் 3 பேருக்கு நோய் வந்தது. ஆழமான நிறுத்தங்களோடு 198 முறை இறங்கியதில், மீளாய்வுக்குப் பிறகு எண்ணியபடி, 10 பேருக்கு வந்தது. சோதனை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஆழத்தில் நின்ற நேரத்தில் மெதுத் திசுக்கள் நிரம்பிக்கொண்டிருந்தன என்பதே விளக்கம். சீராக மெதுவாக ஏறக் கூடாது என்று 1908-இல் ஹால்டேன் சொன்ன காரணமும் அதுதான்.

அறிவியல் முறை பற்றிப் பேச இது நல்ல எடுத்துக்காட்டு. பைல் கவனித்தது பொய்யல்ல. ஆனால் ஒருவரின் அனுபவம் ஒரு கேள்வியைத்தான் எழுப்பும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் சமமாக வைத்த சோதனைதான் விடை சொல்லும்.

இன்றைய நடைமுறை

பொழுதுபோக்குக்காக முக்குளிப்பவர்கள் கட்டாய நிறுத்தம் தேவைப்படாத எல்லைக்குள்ளேயே இருக்கக் கற்பிக்கப்படுகிறார்கள். பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடமும் 30 மீட்டருக்கு 20 நிமிடமும் எல்லை. நம் கணக்கில் நிறுத்தம் வந்த அதே 30 மீட்டர், 20 நிமிடத்துக்கு இதில் கட்டாய நிறுத்தம் இல்லை. வேகமான திசுக்களின் எல்லை பின்னர் உயர்த்தப்பட்டதே காரணம். என்றாலும் எல்லையை ஒட்டி நிற்பது பாதுகாப்பு ஆகாது. உடல் நிலை, குளிர், களைப்பு, நீரிழப்பு ஆகியவை எந்த அட்டவணையிலும் முழுமையாக அடங்காது. எனவே பின்பற்றப்படும் விதிகள் சில:

நிமிடத்துக்கு 9 முதல் 10 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது.

எல்லைக்குள் இருந்தாலும் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் பாதுகாப்பு நிறுத்தம்.

ஒரே நாளில் இரண்டாம் முறை இறங்கினால், உடலில் மீதியிருக்கும் நைட்ரஜனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கரையேறியதும் கடும் உடற்பயிற்சி கூடாது.

எல்லைக்குள் ஒரே முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும், கட்டாய நிறுத்தங்களோடு வந்தவர் அதைவிடக் கூடுதலாகவும் விமானத்தில் ஏறக் கூடாது. மலை ஏறுவதும் அப்படியே. காலையில் இராமேசுவரத்தில் முக்குளித்துவிட்டு, மாலையில் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள கொடைக்கானலுக்கு வண்டி ஏறுவது, இன்னும் ஒரு படி அழுத்தத்தைக் குறைப்பதுதான்.

மேலே வந்த பின் மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், நடக்கத் தடுமாற்றம் இருந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை அழுத்த நோயாகவே கருத வேண்டும். படுக்க வைத்து, கிடைக்குமானால் தூய ஆக்சிஜன் கொடுத்து, 108-ஐ அழைத்து, முக்குளித்ததை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். உயர் அழுத்த அறையில் வைத்துத் தரும் சிகிச்சைதான் தீர்வு. வலி போகட்டும் என்று மீண்டும் கடலில் இறக்கிவிடக் கூடாது.

நம் கடற்கரைப் பள்ளிகளில்

மன்னார் வளைகுடாவில் ஒரே மூச்சில் மூழ்கி முத்தெடுத்த மரபு பழமையானது. ஒற்றை மூச்சில் சேரும் நைட்ரஜன் மிகக் குறைவு என்பதால், அவர்களுக்கு இந்த நோய் பெரிய அச்சமாக இல்லை. இன்று தூத்துக்குடிப் பகுதியில் சங்கு எடுப்போரில் பலர், படகில் உள்ள கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்தபடி மூழ்குகிறார்கள். சிலிண்டர் என்றால் காற்று தீரும்போது மேலே வந்தாக வேண்டும். குழாய்க் காற்று தீர்வதே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கீழே இருக்கலாம் என்பதே இதன் வசதி. இதன் ஆபத்தும் அதுவே. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடம் எஞ்சின் புகைக்கு அருகில் இருந்தால், கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து கீழே போகும்.

கடற்கரை மாவட்டங்களில் இந்தத் தொழில் செய்யும் வீடுகளின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். ஆழம், அலை, நீரோட்டம் பற்றி அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களைப் பேசவிட்டு, நேரத்தை அளப்பதும் வழியில் நிற்பதும் ஏன் என்பதை நாம் சேர்க்கலாம். மாலையில் வீட்டில் “எத்தனை பாகம் ஆழம், எவ்வளவு நேரம் கீழே இருந்தீர்கள், வழியில் நின்றீர்களா அப்பா?” என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகளுக்கு: ஒரே வகைச் சோடா பாட்டில்கள் இரண்டை எடுத்து, ஒரே அளவு குலுக்குங்கள். ஒன்றைச் சட்டென்று திறங்கள். மற்றொன்றின் மூடியைச் சிறிது திருகி, ‘உஸ்’ ஒலி அடங்கும்வரை காத்திருந்து, மீண்டும் திருகுங்கள். எதில் நுரை பொங்குகிறது? வகுப்பறைக்கு வெளியே, ஆசிரியரே செய்ய வேண்டிய செயல்பாடு இது.

நடுநிலை வகுப்புகளுக்கு: மூன்று பிளாஸ்டிக் பாட்டில்களின் அடியில் குண்டூசி, சிறு ஆணி, பெரிய ஆணி ஆகியவற்றால் ஒவ்வொரு துளை போட்டு, மூடியைக் கழற்றி, வாளித் தண்ணீரில் பாதி அமிழப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் எதில் எவ்வளவு தண்ணீர் ஏறியது? பிறகு தூக்கினால் எது முதலில் காலியாகிறது? வேகமான திசுவும் மெதுத் திசுவும் கண்முன் நிற்கும்.

உயர்நிலை வகுப்புகளுக்கு: மேலே செய்த கணக்கை வரைபடத்தாளில் வரையச் சொல்லுங்கள். கிடை அச்சில் நிமிடம், செங்குத்து அச்சில் நைட்ரஜன். 5, 10, 20 நிமிடத் திசுக்களுக்கு மூன்று வளைகோடுகள். எந்த நிமிடத்தில் எந்தத் திசு முன்னே இருக்கிறது என்பதை வேறு நிறத்தில் குறிக்கட்டும். குழுக்களுக்கு வெவ்வேறு ஆழமும் நேரமும் கொடுத்து, நிறுத்தங்களையும் காற்றையும் கணக்கிடச் சொல்லலாம். காற்று போதாத திட்டத்தைக் கண்டுபிடித்து, அதைத் திருத்திக் காட்டும் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.